சிறு குழந்தையின் ஊட்டச்சத்துக் குறைவைத் தடுக்கப் பெற்றோர் செய்ய வேண்டியவை: படிப்படியான வழிகாட்டி

குழந்தை மெலிந்துவிட்டது என்று கவலையோடு வரும் பெற்றோரில் பலர் முதலில் கேட்பது, எந்தச் சத்துப்பொடி வாங்கலாம், எந்த டானிக் கொடுக்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எடை எந்த மாதத்தில் ஏறாமல் நின்றது? கஞ்சி எவ்வளவு நீர்த்திருக்கிறது? ஒரு நாளில் எத்தனை வேளை ஊட்டுகிறீர்கள்? கடைசியாக வந்த வயிற்றுப்போக்குக்குப் பிறகு கூடுதலாக ஏதாவது கொடுத்தீர்களா? இவற்றை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலான வீடுகளில் காரணம் பாதி வழியிலேயே தெரிந்துவிடும்.

கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கருவுற்றதிலிருந்து இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறத்தாழ 1000 நாட்கள். உயரமும் மூளையும் மிக வேகமாக வளரும் இந்தக் காலத்தில் ஏற்படும் குறையைப் பின்னால் ஈடுசெய்வது கடினம். அதனால் இந்த வயதுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு ஒரு வயதாகிவிட்டது என்றால் 3, 4ஆம் படிகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் படியுங்கள். 2ஆம் படியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

1. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

வளர்ச்சி அட்டை. தடுப்பூசி போடும் இடத்தில் கொடுத்திருப்பார்கள். பல வீடுகளில் அது தடுப்பூசித் தேதி பார்க்க மட்டுமே பயன்படுகிறது. உள்ளே இருக்கும் எடை வரைபடம் வெறுமையாகக் கிடக்கும். தொலைந்திருந்தால் முதல் வேலையாகப் புது அட்டை கேட்டு வாங்குங்கள்.

250 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு கிண்ணம், குழந்தைக்கென்று தனியாக. பெரியவர் தட்டிலிருந்து எடுத்து ஊட்டினால் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. "நன்றாகத்தான் சாப்பிடுகிறான்" என்று சொல்லப்படும் குழந்தைக்கு மூன்று நாட்கள் கிண்ணத்தில் அளந்து ஊட்டச் சொன்னால், பல சமயம் தேவையில் பாதியைக்கூட அவன் எட்டுவதில்லை என்று தெரியவருகிறது.

சோப்பு, மூடியுள்ள பாத்திரம், ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் கொடுக்கும் பொடி) பொட்டலங்கள் இரண்டு. வயிற்றுப்போக்கு நள்ளிரவில்தான் தொடங்கும், கடை மூடியிருக்கும். அதனால் இவை முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

2. முதலில் அளவிடுங்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் இந்தக் காரியத்தில் நடக்கும் முதல் தவறு. தினமும் பார்க்கும் குழந்தை மெலிவது கண்ணுக்குத் தெரியாது. அதோடு, ஊட்டச்சத்துக் குறைவின் ஒரு வகை பார்வைக்கே பிடிபடாது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை கொழுகொழுவென்றே இருக்கலாம். "வயதுக்குச் சின்ன உருவம், அவ்வளவுதான்" என்று வீட்டார் கடந்துபோவார்கள்.

எதை அளப்பது? மூன்று கணக்குகள் உண்டு. வயதுக்கேற்ற எடை இல்லை என்றால் எடைக்குறைவு. வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றால் வளர்ச்சிக் குன்றல். இது நீண்ட நாள் குறையைக் காட்டும். உயரத்துக்கேற்ற எடை இல்லை என்றால் உடல் மெலிவு. இது அண்மையில் நேர்ந்த இழப்பைக் காட்டும், உயிருக்கு உடனடி ஆபத்தும் இதில்தான் அதிகம். மூன்றையும் நீங்களே கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளப்பார்கள். இரண்டு முறைகளுக்கும் இடையே சுமார் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு வரும். அதனால் முறை மாறிய மாதத்தில் உயரம் குறைந்ததுபோலத் தெரிந்தால் பதறாதீர்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? முதல் இரண்டு ஆண்டுகளில் இயன்றவரை மாதம் ஒரு முறை. ஒரே தராசில், குறைந்த ஆடையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்தால்தான் சென்ற மாதத்தோடு ஒப்பிட முடியும். தடித்த உடையும் ஈரமான துணியும் சேர்ந்து கால் கிலோவைக் கூட்டிக் காட்டிவிடும்.

அட்டையில் புள்ளி வைத்ததும் முந்தைய புள்ளியோடு கோட்டால் இணையுங்கள். தனிப் புள்ளியைவிடக் கோடு செல்லும் திசையே அதிகம் சொல்லும். அட்டையில் அச்சிட்ட வளைவுக்கு இணையாக ஏறினால் நல்லது. படுக்கையாகப் போனால், அதாவது எடை கூடவே இல்லை என்றால், அது எச்சரிக்கை. இறங்கினால் அந்த வாரமே காரணம் தேட வேண்டும். பிறவியிலேயே எடை குறைந்த குழந்தை கீழ் வளைவுக்கு அருகில் இருந்தாலும் சீராக ஏறிக்கொண்டிருக்கலாம். மேலே இருந்த குழந்தை இரண்டு மாதங்களாக ஏறாமல் நிற்கலாம். இந்த இருவரில் நான் இரண்டாவது குழந்தையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன். ஆனால் "அட்டையில் இன்னும் பச்சைப் பகுதியில்தானே, எடை சரியாக இருக்கும் பகுதியில்தானே இருக்கிறது" என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பதும் அந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

பொதுவாகப் பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரு மடங்காகும், ஒரு வயதில் ஏறத்தாழ மும்மடங்காகும். பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மேற்கைச் சுற்றளவு நாடா இன்னொரு நல்ல கருவி. இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்கவும் கூடாது, தொளதொளவென்றும் விடக் கூடாது. 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், 11.5க்குக் கீழ் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் கழிக்காமல் 12ஆம் படிக்குச் செல்லுங்கள். சுகாதாரப் பணியாளரிடம் ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே நீங்கள் அளக்கலாம்.

3. பிறப்பதற்கு முன்: தாயின் உடல்

பிறக்கும்போது 2500 கிராமுக்குக் குறைவாக இருக்கும் குழந்தை முதல் நாளிலிருந்தே பின்தங்கி ஓடுகிறது. கருவுற்றது தெரிந்ததும் பரிசோதனைக்குப் பதிவு செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும். மாத்திரையைத் தேநீரோடும் காபியோடும் விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். இடையில் ஓரிரண்டு மணி நேரம் விடுங்கள். குமட்டலும் மலச்சிக்கலும் வந்தால் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடாமல், வேறு நேரத்தில் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தாய் கடைசியாக, மிஞ்சியதைச் சாப்பிடும் வீட்டில் இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் எதுவும் முழுப் பலன் தராது. இதைக் கணவரும் மாமியாரும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். பாலூட்டும் காலத்தில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அது ஏறக்குறைய ஒரு வேளை உணவு.

அடுத்த குழந்தைக்கான இடைவெளியும் இதில் அடங்கும். ஒரு பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் கருவுறக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருந்தால் தாயின் உடல் தேறும், கையில் இருக்கும் குழந்தைக்கும் பாலும் கவனிப்பும் முழுமையாகக் கிடைக்கும்.

4. முதல் ஆறு மாதம்: தாய்ப்பால் மட்டும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் சேருங்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து கொட்டக் கூடாது. அளவில் கொஞ்சமாக இருந்தாலும் நோயெதிர்ப்புப் பொருட்கள் அதில் நிறைந்திருக்கின்றன. பிறகு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். வெயில் காலத்திலும் தேவையான நீர் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. மருத்துவர் எழுதிய சொட்டு மருந்துகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

"பால் போதவில்லை" என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் புட்டி உள்ளே நுழைகிறது. குழந்தை அழுவதும் மார்பு மென்மையாக இருப்பதும் பால் குறைவுக்கு அடையாளமாகா. பாருங்கள்: முதல் வாரத்துக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்கிறதா? எடை ஏறுகிறதா? இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கினால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பிறகு பால் உண்மையாகவே போதாமல் போய்விடும்.

எடை ஏறவில்லை என்றால் முதலில் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் சரிபார்க்க ஒருவரைக் கேளுங்கள். காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் இருக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் இரவும் சேர்த்து 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் முழுவதும் குடித்து முடித்த பிறகு மறுபக்கம் மாற்றுங்கள், பின்னால் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம்.

வேலைக்குத் திரும்பும் தாய் பாலைக் கறந்து வைக்கலாம். அறையில் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள்வரை இருக்கும். கிண்ணத்திலோ கரண்டியிலோ ஊட்டுங்கள். புட்டியின் காம்பையும் மூடியையும் முழுதாகச் சுத்தம் செய்வது கடினம் என்பதால் வயிற்றுப்போக்கு அதன் வழியாகவே அதிகம் வருகிறது.

தாய்ப்பால் கொடுக்கவே முடியாத நிலையில் மருத்துவர் சொன்ன பால்மாவை, டப்பாவில் உள்ள அளவுப்படி மட்டுமே கலக்குங்கள். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

5. ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவு

ஆறு மாதம் நிறைந்த அந்த வாரமே தொடங்குங்கள். இந்த வயதில் தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிறது. பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்புச்சத்தும் தீரத் தொடங்கியிருக்கும். பல் முளைக்கட்டும், நல்ல நாள் வரட்டும், எட்டாம் மாதம் பார்க்கலாம் என்று தள்ளுவது அடிக்கடி நடக்கிறது. அட்டையில் கோடு படுக்கத் தொடங்கும் இடத்தைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் இருக்கும்.

மசித்த ஒரே உணவை இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு இரண்டு முறை என ஆரம்பியுங்கள். நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். விழுங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு புது உணவைக் குழந்தை ஏற்க எட்டுப் பத்து முறைகூட ஆகலாம். மூன்றாவது முறையிலேயே "இவளுக்கு இது ஆகாது" என்று கைவிட்டால், ஓராண்டில் அந்தக் குழந்தை சாப்பிடும் பட்டியலில் நான்கைந்து பொருட்களே மிஞ்சும்.

தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

6. கெட்டியாகக் கொடுங்கள்

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும்தான் செய்ய முடியும் என்று சொல்லும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்.

குழந்தையின் வயிறு ஒரு வேளையில் கொள்வது உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். எட்டுக் கிலோ குழந்தைக்கு 240 மில்லிலிட்டர், அவ்வளவுதான் இடம். அந்த இடத்தில் தண்ணீர் நிரம்பினால் உணவுக்கு இடமில்லை. நீர்க்கக் காய்ச்சிய தானியக் கஞ்சியில் 100 மில்லிலிட்டருக்கு 30 கலோரி அளவே இருக்கும். தாய்ப்பாலிலோ 65 முதல் 70 கலோரி இருக்கிறது. பாலுக்குப் பதில் நீர்த்த கஞ்சி கொடுக்கும் வீட்டில், உணவு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு குழந்தைக்குக் கிடைப்பதைப் பாதியாகக் குறைக்கிறார்கள். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், எடை மட்டும் ஏறாது. பருப்பைக் கொதிக்கவைத்து மேலாக நிற்கும் நீரை மட்டும் கொடுப்பதும், காய் வேகவைத்த நீரை மட்டும் கொடுப்பதும் இதே தவறுதான். சத்து அடியில் தங்கியிருக்கும் பருப்பிலும் காயிலும் இருக்கிறது.

சோதிப்பது எளிது. கரண்டியில் எடுத்துச் சற்றுச் சாய்த்தால் உணவு அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். வழிந்து ஓடினால் மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கெட்டியாக்குங்கள்.

கெட்டியாக இருந்தால் விழுங்காது என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தண்ணீர் சேர்க்காமலே மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நன்றாகக் குழைய வேகவைத்து மசிப்பது. இரண்டு, கறந்த தாய்ப்பாலைச் சேர்த்துத் தளர்த்துவது. மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது: தானியத்தை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவைச் சிறிதளவு வெதுவெதுப்பான கெட்டிக் கஞ்சியில் கலக்கிச் சில நிமிடம் வைப்பது. முளைக்கும்போது உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். கலோரி அப்படியே இருக்கும். அதிகம் வறுத்தால் நொதி அழிந்துவிடும், இலேசான சூடே போதும். இளகிய கஞ்சியை மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்க்கலாம். ஒரு தேக்கரண்டியில் சுமார் 40 கலோரி கிடைக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளுக்குத் தேவைப்படுவதே ஏறத்தாழ 200 கலோரிதான் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய பங்கு என்று புரியும். அதற்காக எண்ணெயை அள்ளி ஊற்ற வேண்டாம். அதில் புரதமும் இரும்பும் கிடையாது, பசியை மட்டும் அடக்கிவிடும்.

7. எத்தனை வேளை, எவ்வளவு

6 முதல் 8 மாதம்: நாளுக்கு இரண்டு மூன்று வேளை. சில கரண்டிகளில் தொடங்கி, 250 மில்லிலிட்டர் கிண்ணத்தில் பாதிவரை கூட்டுங்கள். மசித்த பதம்.

9 முதல் 11 மாதம்: மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் அரைக் கிண்ணம், இடையில் ஓரிரு சிற்றுண்டி. கையால் எடுத்துத் தின்னக்கூடிய மென்மையான துண்டுகள். இந்த வயதில் உணவிலிருந்து சுமார் 300 கலோரி தேவை.

12 முதல் 23 மாதம்: மூன்று நான்கு வேளை, முக்கால் முதல் முழுக் கிண்ணம், ஓரிரு சிற்றுண்டி. தேவை சுமார் 550 கலோரியாக உயர்ந்துவிடும். பெரியவர்கள் மூன்று வேளை சாப்பிடுவதால் குழந்தைக்கும் மூன்று போதும் என்று விடுவதும், ஒன்பதாம் மாதத்து அளவையே ஒன்றரை வயதிலும் தொடர்வதும் இங்கே நடக்கும் தவறுகள். பிறந்த மாதத் தேதி வரும்போதெல்லாம் அளவைச் சரிபார்த்துக் கூட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்கு இதைவிட ஓரிரு வேளை கூடுதலாகவும், பாலும் தேவை.

8. கிண்ணத்தில் என்ன இருக்க வேண்டும்

வேளையும் கெட்டியும் சரியான பிறகே இதற்கு வாருங்கள். நாளுக்கு ஒரு முறை பத்துப் பொருள் கலந்த உணவை ஊட்டுவதைவிட, நான்கு முறை மூன்று பொருள் உணவை ஊட்டுவது எடைக்கு நல்லது.

உணவை எட்டு வகையாகப் பிரிப்பார்கள்: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டையும் விதையும், பால் பொருட்கள், இறைச்சியும் மீனும், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த மஞ்சள் நிற, ஆரஞ்சு நிறக் காய்கனிகளும் கீரையும் சேர்ந்த ஒரு வகை, பிற காய்கனிகள். 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது ஐந்து வகையாவது கிடைக்க வேண்டும். இரவு படுக்கும்முன் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தானியமும் பாலும் இருக்கும், மற்றவை விடுபட்டிருக்கும்.

அதிலும் இரும்புச்சத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்கப் பரிந்துரையின்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை. வளர்ந்த ஆணுக்கே 8 மில்லிகிராம்தான். இவ்வளவு சிறிய வயிற்றில் அவ்வளவு இரும்பைச் சேர்க்க ஈரல், இறைச்சி, மீன், முட்டை ஆகியவை பெரிதும் உதவும். சைவ வீடுகளில் பருப்பு வகைகளையும் கீரையையும் தினமும் கொடுங்கள், அவற்றோடு புளிப்புள்ள பழம் ஏதாவது சேருங்கள். வைட்டமின் சி தாவர இரும்பு உடலில் சேர உதவுகிறது. அப்படியும் போதாமல் போகலாம் என்பதால் இரும்புச் சொட்டு மருந்து தேவையா என்று கேட்டறியுங்கள். குறைப்பிரசவத்திலும் எடை குறைவாகவும் பிறந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அது தேவைப்படும்.

முட்டையையும் நிலக்கடலையையும் ஒவ்வாமைக்குப் பயந்து ஒரு வயதுக்குமேல் தள்ளிவைப்பதால் நன்மை இல்லை. ஒவ்வொன்றாக, சிறிதளவில் அறிமுகப்படுத்துங்கள். கடுமையான கரப்பான் (அரிப்போடு வரும் தோல் அழற்சி) உள்ள குழந்தைக்கு மட்டும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். கடலை முழுதாக வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். நைய அரைத்து உணவில் கலக்குங்கள்.

தவிர்க்க வேண்டியவை: ஒரு வயதுக்குள் தேன், பசும்பாலை முக்கிய பானமாகக் கொடுப்பது, உப்பும் சர்க்கரையும் சேர்ப்பது. எந்த வயதிலும் தேநீர், காபி, குளிர்பானம் வேண்டாம். உணவுக்கு முன் கொடுக்கும் இரண்டு பிஸ்கட், அந்த வேளை உணவையே தின்றுவிடும். ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு அரை லிட்டருக்குமேல் பால் குடிக்கும் குழந்தை மற்ற உணவை ஒதுக்கும், இரத்தசோகையும் வரும்.

9. ஊட்டும் விதம்

எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, பேசிக்கொண்டே ஊட்டுங்கள். வாய் திறப்பதும் கை நீட்டுவதும் பசி. தலையைத் திருப்புவது போதும் என்பது. திருப்பிய தலையைப் பிடித்து ஊட்டினால் அந்த வேளை இரண்டு கரண்டி கூடுதலாக உள்ளே போகும். ஆனால் கிண்ணத்தைக் கண்டாலே அழும் பழக்கம் வந்துவிடும், அதை மாற்ற மாதங்கள் ஆகும்.

கைப்பேசி காட்டி ஊட்டுவது இன்று எங்கும் காணப்படுகிறது. களைத்துப்போன பெற்றோரின் நிலை புரிகிறது. ஆனாலும் திரையில் கண் இருக்கும் குழந்தைக்குத் தன் பசியும் நிறைவும் தெரியாது, ஒரு நாள் கைப்பேசி இல்லை என்றால் வாயே திறக்காது. அரை மணி நேரத்துக்குள் முடியும் அளவில் ஊட்டுங்கள். மீதத்தை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு முன் நொறுக்குத்தீனி தராமல் இருங்கள். பசித்த குழந்தை நன்றாகச் சாப்பிடும்.

10. கை, தண்ணீர், பாத்திரம்

கிருமி உள்ளே போனால் ஊட்டியது வெளியே போய்விடும். கழிப்பறை சென்றபின், குழந்தையின் மலத்தைக் கழுவியபின், சமைக்கும் முன், ஊட்டும் முன் சோப்பால் கை கழுவுங்கள். குழந்தையின் கையையும் கழுவிவிடுங்கள். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தால் கொடுக்காதீர்கள். காலையில் காய்ச்சிய கஞ்சியை மாலைவரை வைத்து ஊட்டுவதுதான் பல வயிற்றுப்போக்குகளின் தொடக்கம். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். தட்டம்மை போன்ற ஒரே ஒரு நோய் பல மாத எடையைக் கரைத்துவிடும். வைட்டமின் ஏ, குடற்புழு நீக்க மருந்து ஆகியவை எப்போது தேவை என்றும் தடுப்பூசிக்குச் செல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. நோயின்போதும் நோய் தீர்ந்த இரண்டு வாரமும்

ஏறாத கோடுகளை அட்டையில் பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும். நோய் எடையைக் குறைக்கிறது. ஆனால் குறைந்த எடை திரும்ப வராமல் போவது, நோய் முடிந்தபின் பழைய அளவையே ஊட்டுவதால்தான்.

வயிற்றுப்போக்கு தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். அரைப் பொட்டலத்தைக் கண் அளவில் கரைத்தால் உப்பு கூடியோ குறைந்தோ போய்விடும். ஒவ்வொரு முறை நீராகப் போனபின்னும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேல் 100 முதல் 200 மில்லிலிட்டர். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. ஆறு மாதத்துக்குக் கீழ் நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. புண்பட்ட குடல் ஆறவும், அடுத்து வரக்கூடிய வயிற்றுப்போக்கைக் குறைக்கவும் அது உதவுகிறது. இரண்டாம் நாளோடு மறந்துபோவது மிகவும் பொதுவானது. அட்டையின் ஓரத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை அடிக்கடி, மற்ற உணவைச் சிறிது சிறிதாகப் பல முறை. கெட்டியைக் குறைத்து வெறும் நீராகாரமாக மாற்ற வேண்டியதில்லை.

நோய் நின்ற நாளிலிருந்து குறைந்தது இரண்டு வாரம், தினமும் ஒரு வேளை கூடுதல். இந்தப் படியைத்தான் மிகப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் இறங்கி விளையாடத் தொடங்கியதும் வீட்டார் நிம்மதி அடைந்து வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் அந்த நாட்களில்தான் குழந்தைக்குப் பசி அதிகம், உடலும் இழந்ததை வேகமாகக் கட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் முடிந்ததும் எடை பாருங்கள். பழைய அளவுக்கு வரவில்லை என்றால் கூடுதல் வேளையைத் தொடருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

பகலில் பாட்டியோ பராமரிப்பாளரோ பார்த்துக்கொள்ளும் வீடுகளில், அவர்களுக்கும் இந்த நாட்களின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அம்மா ஊட்டியிருப்பாள் என்று பாட்டியும், பாட்டி ஊட்டியிருப்பார் என்று அப்பாவும் நினைத்து ஒரு வேளை தவறுவது சாதாரணம். சுவரில் ஒரு தாள் ஒட்டி, யார் ஊட்டினாலும் நேரத்தையும் கிண்ண அளவையும் எழுதுங்கள். அட்டையை வைத்திருப்பது, மாதாமாதம் எடைக்கு அழைத்துச்செல்வது என்ற பொறுப்பைத் தந்தை ஏற்றுக்கொண்டால் தாயின் சுமை உண்மையிலேயே குறையும்.

12. எப்போது வீட்டு முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே செல்லுங்கள்: நாடா சிவப்பைக் காட்டுவது, இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்பது, எதையும் குடிக்கவோ உண்ணவோ மறுப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு, கண்கள் குழிவிழுதல், மலத்தில் இரத்தம், வேகமான மூச்சு, உடல் சில்லிட்டுப்போதல்.

பாத வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீங்கிய குழந்தை பருத்ததுபோலத் தெரியும், தராசிலும் எடை கூடும். "இப்போதுதான் தேறி வருகிறது" என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும். எனவே எடை திடீரென்று கூடினால் பாதங்களை அழுத்திப் பாருங்கள்.

கடுமையாக மெலிந்த குழந்தையை வீட்டிலேயே நிறைய ஊட்டித் தேற்றிவிட முயலாதீர்கள். நீண்ட நாள் பட்டினியில் இருந்த உடல் திடீரென்று வரும் அதிக உணவைத் தாங்காது, இதயம் பாதிக்கப்படலாம். அதனால்தான் மருத்துவமனையில் முதல் சில நாட்கள் சிறப்புப் பாலைச் சிறு அளவில், இரவிலும் விடாமல் கொடுக்கிறார்கள். வழக்கமான ஓ.ஆர்.எஸ்.கூட அந்த நிலையில் மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். பசி நன்றாக இருந்து வேறு சிக்கலும் இல்லை என்றால், வீட்டில் வைத்தே கொடுக்கும் சிகிச்சை உணவைத் தந்து வாரந்தோறும் வரச் சொல்வார்கள். அது அந்தக் குழந்தைக்கான மருந்து, வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்குப் பங்கிட வேண்டாம்.

புறப்படும்போது குழந்தையைப் போர்வையில் சுற்றி உடலோடு அணைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த உடலில் சூடு வேகமாக இறங்கும். வழியில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வளர்ச்சி அட்டை, சுவரில் ஒட்டிய உணவுத் தாள், கொடுத்துவரும் மருந்துகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எடை எந்த மாதத்தில் நின்றது, கடைசி நோய் எப்போது வந்தது, நேற்று முழுவதும் என்னென்ன, எத்தனை கிண்ணம் சாப்பிட்டது என்ற மூன்றையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள்.